நடந்தால் முனகும் தரை: மேலே ஸ்க்ரூ போடுமுன் கீழே தவழ்ந்து போங்கள்

அம்மா டெக்சஸுக்கு வந்திருந்த மூன்று மாதமும் விடியற்காலை நாலரைக்கெல்லாம் எழுந்துவிடுவார். படுக்கையறையிலிருந்து அடுக்களைக்கு நடந்தால் பத்து அடி இருக்கும். அடிக்கு ஒரு கிறீச். வாஷிங் மெஷின் பக்கம் வந்ததும் கிறீச்சோடு சேர்ந்து தரை ஒரு துள்ளு துள்ளும், அலமாரியில் இருக்கும் டம்ளர்கள் கிணுகிணுக்கும். "என்னடா இது, பரண் மேல நடக்கிற மாதிரி இருக்கு" என்றார். சிமெண்டுத் தரையிலேயே எழுபது வருடம் நடந்தவர். அவர் சொன்னது சரிதான். நாங்கள் இருப்பது பரண் மேல்தான்.

எங்களுடையது 1993-ல் செய்த டபுள்வைட் மேனுஃபேக்சர்ட் ஹோம், அதாவது தொழிற்சாலையில் இரண்டு பாதியாகச் செய்து கொண்டுவந்து மனையில் ஒன்றாகச் சேர்க்கும் வீடு. டாலஸுக்குக் கிழக்கே கரிசல் மண்ணில் நிற்கிறது. அம்மா ஊருக்குத் திரும்பிய வாரமே ஒரு பெட்டி ஸ்க்ரூ வாங்கி, அந்த நடை முழுக்க இருநூறுக்குக் குறையாமல் இறக்கினேன். இரண்டு மாதம் அமைதி. அப்புறம் பழையபடி கிறீச், கூடவே புதிதாக ஓர் ஈர வாடை. அந்த வாடையின் கதையைப் பின்னால் சொல்கிறேன். இதைப் படிக்கிற நீங்களாவது நான் செய்த வரிசையைத் தலைகீழாக்கிச் செய்யுங்கள். முதலில் மண், அப்புறம் முட்டு, அதற்கப்புறம்தான் பலகையும் சட்டமும்.

இந்த வகை வீட்டின் தரை எப்படி நிற்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. வீட்டின் நீளவாக்கில் இரும்பு ஐ-பீம், அதாவது I எழுத்து வடிவ உத்தரம், இரண்டு ஓடும். டபுள்வைட் என்றால் பாதிக்கு இரண்டாக மொத்தம் நான்கு. அந்தப் பீம்களைத் தாங்க, சில அடிக்கு ஒன்றாகக் காங்கிரீட் பிளாக் அடுக்கிய முட்டுகள் இருக்கும். இவற்றை இங்கே பியர் என்பார்கள். முட்டுக்கும் பீமுக்கும் நடுவில் மரத்தில் ஆப்பு. பீமின் மேல் 2-க்கு-6 அல்லது 2-க்கு-8 அங்குல மரச்சட்டங்கள், அதாவது ஜாயிஸ்ட்டுகள், பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒன்று. அவற்றின் மேல் பலகை. பழைய வீடுகளில் இது பெரும்பாலும் 5/8 அங்குலப் பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்தூளைப் பசையில் குழைத்து அழுத்திய பலகை. ஜாயிஸ்ட்டுகளுக்கு நடுவிலும் அடியிலும் கண்ணாடிப் பஞ்சு, தண்ணீர்க் குழாய், ஹீட்டர் காற்று போகும் டக்ட். எல்லாவற்றையும் மூடிக் கட்டியிருக்கும் கறுப்புத் துணிக்கு இங்கே பெல்லி என்று பெயர். வயிறு என்றே வைத்துக்கொள்ளலாம். பொருத்தமான பெயர்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1976 ஜூன் 15-க்குப் பின் செய்த இந்த வீடுகளுக்கு ஹட் (HUD) எனப்படும் அமெரிக்க வீட்டுவசதித் துறையின் விதிகள்தான் அளவுகோல். வெளிச்சுவரில் சிவப்புத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் அடையாளம். அந்த விதிப்படி தரைச்சட்டம் சுமையில் தன் நீளத்தில் 240-ல் ஒரு பங்கு வரை வளையலாம். மனையிலேயே கட்டும் சாதாரண வீடுகளுக்கு வழக்கமான கணக்கு 360-ல் ஒரு பங்கு. எட்டடிச் சட்டத்துக்குக் கணக்குப் போட்டால் இங்கே 0.4 அங்குலம், அங்கே 0.27. ஆகவே கொஞ்சம் துள்ளுவது இந்த வீட்டின் பிறவிக் குணம். அதை முழுக்கப் போக்க முனைந்தால் காசுதான் போகும். போன வருடம் இல்லாமல் இந்த வருடம் வந்த துள்ளல்தான் நோய்.

சரி, வேலைக்கு வருவோம். முதல் நாள் ஒரு கருவியும் வேண்டாம். பெயின்ட் அடிப்பவர்கள் ஒட்டும் நீல டேப் ஒரு சுருள் போதும். செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலை அழுத்தி மெதுவாக நடங்கள். கிறீச்சிட்டால் டேப்பில் ஒரு கோடு, துள்ளினால் இரண்டு கோடு, காலுக்கு மெத்தென்று அமுங்கினால் பெருக்கல் குறி. என் நடையில் கிறீச்சுகள் சிதறிக் கிடந்தன, துள்ளல் மட்டும் வாஷிங் மெஷினைச் சுற்றி ஒரே இடத்தில் இருந்தது. பெருக்கல் குறி குளியலறையில், டாய்லெட்டுக்குப் பக்கத்தில் ஒன்று. மூன்றும் மூன்று வேறு வேலை. ஹீட்டர் ஓடத் தொடங்கும்போது மட்டும் வரும் டிக்டிக் தரையுடையதல்ல, டக்ட் தகரம் சூட்டில் விரியும் சத்தம். அதை நானும் ஒரு நாள் முழுக்கத் தேடினேன்.

அடுத்த நாள் அடியில் போக வேண்டும். வீட்டின் அடிப்பகுதியைச் சுற்றி மூடியிருக்கும் பலகைகளுக்கு ஸ்கர்ட்டிங் என்று பெயர், அதில் ஒன்றைக் கழற்றினால் வழி கிடைக்கும். முழுக்கைச் சட்டை, கண்ணாடி, என்95 முகமூடி, தலையில் கட்டும் விளக்கு, முட்டிக்கு உறை. கறுப்பு விதவைச் சிலந்திக்கு இந்த இடம் மாமியார் வீடு மாதிரி, கையை வைக்குமுன் விளக்கை அடித்துப் பாருங்கள். நீங்கள் உள்ளே இருப்பது வெளியே ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் மனைவி கால்மணிக்கு ஒருமுறை தரையைத் தட்டுவாள், நான் திருப்பித் தட்டுவேன்.

அங்கே போய் என்ன பார்ப்பது? ஒவ்வொரு முட்டின் ஆப்பையும் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். இறுகியிருந்தால் கெட்டியாக "டொக்" என்று வரும். தளர்ந்திருந்தால் ஆப்பு நகரும், சில சமயம் கையோடு வந்துவிடும். வாஷிங் மெஷினுக்கு நேர் கீழே இருந்த முட்டில் ஆப்பு பிளாக்கின் மேல் சும்மா படுத்திருந்தது. அதற்கும் பீமுக்கும் நடுவே என் சுண்டுவிரல் தாராளமாகப் போனது. அந்த முட்டு எதையும் தாங்கவில்லை. பீம் இந்தப் பக்க முட்டிலிருந்து அந்தப் பக்க முட்டுக்குப் பாலம் போட்டு நின்றிருக்கிறது. இருநூறு ஸ்க்ரூ போட்டால் அது எப்படி நிற்கும்?

கரிசலைப் பற்றி நம்மவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோவில்பட்டிப் பக்கம் கோடையில் நிலம் வெடித்து, மழையில் உப்புமே, அதே குணம்தான் இங்கும். ஆகஸ்டில் மண் சுருங்கும்போது முட்டு இறங்குகிறது, மழைக்குப் பின் கொஞ்சம் ஏறுகிறது. உங்கள் வீட்டுக் கிறீச் ஒரு பருவத்தில் கூடி மறு பருவத்தில் குறைந்தால் பலகையைச் சந்தேகிக்காதீர்கள், மண்ணைச் சந்தேகியுங்கள். குளிர்ப் பிரதேசத்தில் இதே வேலையை உறைபனி செய்யும்.

எந்த முட்டு எவ்வளவு இறங்கியது என்று அளக்க லேசர் எதுவும் வாங்கவில்லை. ஊரில் கொத்தனார் பிடிப்பாரே, டியூப் லெவல், அதேதான். ஒரு வாளித் தண்ணீர், ஐம்பது அடி நிறமில்லாத பிளாஸ்டிக் டியூப். வாளியை வீட்டின் நடுவில், டியூபின் நுனி எட்டுகிற இடமெல்லாம் எட்டும்படி வைத்து, டியூபின் ஒரு முனையை அதற்குள் கட்டிவிடுங்கள். தண்ணீரை உறிஞ்சி ஓட விட்டு, மறுமுனையை ஒவ்வொரு முட்டிடமும் கொண்டுபோய் பீமின் பக்கத்தில் நிமிர்த்திப் பிடித்தால், எல்லா இடத்திலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்தக் கோட்டிலிருந்து பீமின் அடி எவ்வளவு தூரம் என்று அளந்து தாளில் எழுதுங்கள். டியூபில் காற்றுக்குமிழ் இருந்தால் கணக்கு முழுக்கப் பொய். தண்ணீரில் துளி வண்ணம் கலந்தால் குமிழும் தெரியும், மட்டமும் தெரியும். என் தாளில் பெரும்பாலான முட்டுகள் கால் அங்குலத்துக்குள் ஒத்துப்போயின, மூன்று மட்டும் முக்கால் அங்குலத்துக்கு மேல் இறங்கியிருந்தன. மூன்றும் கூரைத் தண்ணீர் கொட்டும் மூலையை ஒட்டியவை. கூரைத் தண்ணீரை இறக்கும் குழாயை, அதாவது டவுன்ஸ்பவுட்டை, ஆறடி தள்ளி விடாமல் முட்டைச் சரிசெய்வது ஓட்டை வாளியில் தண்ணீர் இறைக்கிற கதை.

தூக்குவதற்கு 20 டன் பாட்டில் ஜாக்கி இரண்டு. இங்கே அவசரப்படக் கூடாது. ஜாக்கியை வெறும் மண்ணில் வைக்காதீர்கள், 2-க்கு-12 பலகைத் துண்டுகளை அடுக்கி, அகலமான கெட்டி அடித்தளம் போட்டு அதன் மேல் வையுங்கள். ஜாக்கியின் தலைக்கும் பீமுக்கும் நடுவே தடித்த இரும்புத் தகடு. தூக்குவது ஐ-பீமை மட்டுமே, ஜாயிஸ்ட்டையோ, பீமிலிருந்து வீட்டின் ஓரத்துக்கு நீளும் கை இரும்பையோ அல்ல. ஒரு தடவைக்குக் கால் அங்குலம், அவ்வளவுதான். அப்புறம் அடுத்த முட்டுக்குப் போய் அங்கே கால் அங்குலம். சுற்றிச் சுற்றி வந்து உயர்த்துங்கள். ஒரே இடத்தில் ஒரேயடியாகத் தூக்கினால் சுவர்ப்பலகை விரியும், கதவு சிக்கும், குழாய் மூட்டு விடும். வேலைக்கு முன் கதவு ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். ஜாக்கி மட்டும் தாங்குகிற பீமுக்கு அடியில் தலையையோ கையையோ எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். பக்கத்திலேயே பிளாக் அடுக்கிக் காப்பு முட்டு வைத்துவிட்டுத்தான் ஆப்பில் கை வைக்க வேண்டும்.

ஆப்பு எப்போதும் ஜோடி. எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடித்து இறுக்கினால் மேலும் கீழும் சமதளமாக நிற்கும். ஒற்றை ஆப்பு சரிந்து நிற்கும், சில மாதத்தில் நழுவிவிடும். ஜோடி ஆப்பு சேர்ந்து ஓர் அங்குல உயரத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. அதற்கு மேல் இடைவெளி இருந்தால் கெட்டி மரத்தட்டு வைத்து நிரப்பி, அதன் மேல் ஆப்பு. காங்கிரீட் பிளாக்கின் ஓட்டை மேல்கீழாக இருக்க வேண்டும், படுக்கப் போட்ட பிளாக் நசுங்கும். அடித்தளமே மண்ணில் அமிழ்ந்திருந்தால் ஆப்பு தற்காலிகம்தான், அகலமான புது அடித்தளம் போட வேண்டும். முட்டுகள் பாதிக்கு மேல் கோணியிருந்தால், அல்லது புயலுக்காகக் கட்டியிருக்கும் இரும்புப் பட்டைகள் தளர்ந்திருந்தால், இந்த வீடுகளை நிறுத்தித் தரும் லைசென்ஸ் உள்ள இன்ஸ்டாலரைக் கூப்பிடுங்கள். சில இடங்களில் அனுமதியும் தேவைப்படும், உள்ளூர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

டபுள்வைட்டில் இரண்டு பாதியும் சேரும் கோடு ஒன்று உண்டு. அதன் பெயர் மேரேஜ் லைன், கல்யாணக் கோடு. ஒரு பாதி இறங்கினால் அந்தக் கோட்டில் தரை வரப்பு மாதிரி எழும்பும், இரண்டு பக்கத்து ஓரச்சட்டங்களும் உரசிச் சத்தம் போடும். எழும்பிய பக்கத்தை ஸ்க்ரூவால் இழுத்து அமுக்கப் பார்க்காதீர்கள். இரண்டு பக்கமும் மட்டத்துக்கு வந்தால் சண்டை தானாக அடங்கும்.

மட்டம் செய்து முடித்ததும் இரண்டு வாரம் சும்மா இருங்கள். என் வீட்டில் டேப் ஒட்டிய கிறீச்சுகளில் பாதிக்கு மேல் அதிலேயே போய்விட்டன. வாஷிங் மெஷின் துள்ளல் அடியோடு நின்றது.

மீதியுள்ள கிறீச்சுக்குத்தான் ஸ்க்ரூ. சத்தம் எங்கிருந்து வருகிறது என்றால், தொழிற்சாலையில் பலகையைப் பசை தடவி ஸ்டேப்பிள் அடித்து ஒட்டியிருப்பார்கள். பசை விட்டதும் பலகை காலுக்குக் கீழே மேலும் கீழும் ஆடி ஸ்டேப்பிள் காலில் உரசும். தேவையானது பலகையைச் சட்டத்தோடு இறுக்கிப் பிடிப்பது மட்டுமே. ஜாயிஸ்ட் எங்கே என்று ஊகிக்காதீர்கள். ஒரு நூலில் காந்தத்தைக் கட்டித் தரையை ஒட்டித் தொங்கவிட்டு நகர்த்தினால் ஸ்டேப்பிள் வரிசை இழுத்துக் காட்டும், அந்த வரிசைதான் ஜாயிஸ்ட். இரண்டு மூன்று இடத்தில் பார்த்து, சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

முன்னே சொன்ன அந்த இருநூறு ஸ்க்ரூவை இறக்கியபோது நான் கோடு போடவில்லை. முதல் ஜாயிஸ்ட்டிலிருந்து பதினாறு பதினாறாக அளந்துகொண்டே போனேன். டக்ட் வாய்க்காக ஒரு சட்டத்தைச் சற்று நகர்த்தி வைத்திருந்தது எனக்குத் தெரியாது. ஒரு ஸ்க்ரூ சட்டத்தைத் தொடாமல் கீழே போய்ச் சாம்பல் நிறத் தண்ணீர்க் குழாயைத் துளைத்தது. வேடிக்கை என்னவென்றால், துளைத்த ஸ்க்ரூவே துளையை அடைத்துக்கொண்டது. தண்ணீர் பீய்ச்சவில்லை, சொட்டியது. இரண்டு மாதமாகச் சொட்டிய தண்ணீரைப் பெல்லி துணி தாங்கி, பொங்கலுக்கு ஊறவைத்த பருப்பு மூட்டை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. ஈர வாடை அதுதான். பக்கத்தில் ஒதுங்கிப் படுத்து ஸ்க்ரூடிரைவரால் ஒரு குத்து குத்தினேன், ஒதுங்கியும் முழுக்க நனைந்தேன். அந்தச் சாம்பல் குழாய் பாலிபியூட்டிலீன். 1978-லிருந்து 1995 வரை போட்ட வீடுகளில் இருக்கும், வயதானால் வெடிக்கும் ரகம். உங்கள் வீட்டிலும் அது இருந்தால் பெல்லியைத் திறக்கிற சாக்கில் மாற்றிவிடுவது நல்லது.

ஸ்க்ரூ விஷயத்தில் மூன்று சொல்லிவிடுகிறேன். சுவர்ப்பலகைக்குப் போடும் கறுப்பு ஸ்க்ரூ வேண்டாம், நடையின் அதிர்வில் கழுத்து முறிந்துவிடும். கழுத்துப் பகுதியில் மரை இல்லாத மர ஸ்க்ரூவாக, இரண்டரை அங்குலம் எடுங்கள். முழுக்க மரை இருந்தால் பலகையும் சட்டமும் இருக்கிற இடைவெளியோடே பூட்டிக்கொள்ளும், சத்தம் போகாது. இறக்கும்போது அந்த இடத்தில் ஏறி நின்றுகொள்ளுங்கள். பார்ட்டிகிள் போர்டில் தலை பலகை மட்டத்துக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் இறுக்கினால் தலை புட்டு மாவில் விரல் போன மாதிரி உள்ளே போய்விடும். கார்ப்பெட்டைத் தூக்க முடியாத இடத்துக்குத் தலை முறிந்து விழும்படி செய்த ஸ்க்ரூ கிட் கிடைக்கிறது, நன்றாகவே வேலை செய்கிறது. வினைல் தரை என்றால் மேலிருந்து தொடாதீர்கள். பெல்லியைத் திறந்து, பலகையும் ஜாயிஸ்ட்டும் சேரும் மூலையில் 2-க்கு-2 கட்டையைப் பசை தடவி வைத்து, இரண்டு பக்கமும் ஸ்க்ரூ போடலாம். மேல்நோக்கிப் போகும் ஸ்க்ரூ ஒன்றே முக்கால் அங்குலத்துக்கு மேல் வேண்டாம், காலில் குத்தும்.

பெல்லியை அறுக்கும்போது மூன்று பக்கம் மட்டும் அறுத்துக் கதவு மாதிரி தொங்கவிடுங்கள். பஞ்சை ஒதுக்கி வேலை முடிந்ததும் திரும்ப வைத்து, துணியைத் துடைத்துக் காயவிட்டு, இதற்கென்றே விற்கும் பெல்லி டேப்பால் ஒட்டுங்கள். தூசி மேல் ஒட்டினால் மறுநாள் உரிந்துவிடும். திறந்தபடியே விட்டீர்களோ, எலி குடிவந்துவிடும்.

முட்டு சரி, பலகையும் இறுகிவிட்டது, இன்னமும் ஓரிடம் துள்ளுகிறது என்றால் சட்டத்துக்குப் பலம் போதவில்லை. ஜாயிஸ்ட்டுகளுக்கு நடுவே அதே உயரக் கட்டைத் துண்டுகளைக் குறுக்கே அறைந்தால் ஒரு சட்டத்தின் சுமையைப் பக்கத்துச் சட்டங்களும் பங்கு போட்டுக்கொள்ளும். சுமாரான பலன். விரிசல் விட்ட சட்டத்துக்குப் பக்கத்தில் அதே அளவுப் புதுச்சட்டத்தைப் பசையும் போல்ட்டும் போட்டு ஒட்டினால் நல்ல பலன், ஆனால் படுத்துக்கொண்டு எட்டடி மரத்தைத் தூக்கிப் பிடிக்க இன்னொருவர் வேண்டும். தரையை எப்படியும் மாற்றப் போகிறீர்களா? பழைய பலகை காய்ந்து கெட்டியாக இருந்தால் அதன் மேலேயே அரை அங்குலப் பிளைவுட்டைப் பசை தடவி ஸ்க்ரூ போட்டுவிடுங்கள், மூட்டுகள் பழைய மூட்டு மேல் விழாதபடி. கதவுகளின் அடியைச் சீவ வேண்டி வரும். என்னைக் கேட்டால் இதுதான் உழைப்புக்கு ஏற்ற பலன் தருவது.

கடைசியாகப் பெருக்கல் குறி. மெத்தென்று அமுங்கும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரை அழுத்துங்கள். நுனி சுலபமாக இறங்கினால் பலகை ஊறிவிட்டது. பார்ட்டிகிள் போர்டு ஒருமுறை ஊறி உப்பினால் காய்ந்தாலும் பழைய பலம் வராது, ஊறிய பிஸ்கட் மாதிரி. டாய்லெட், தொட்டி, வாட்டர் ஹீட்டர், வெளிக்கதவு, இந்த நான்கு இடத்தில்தான் பெரும்பாலும் வரும். கசிவை முதலில் நிறுத்துங்கள். எனக்கு டாய்லெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் மெழுகு வளையம் விட்டிருந்தது. 1980-க்கு முந்தைய வீடு என்றால் பழைய வினைலில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும், பரிசோதனை செய்யாமல் உரிக்காதீர்கள்.

தண்ணீரையும் அந்தப் பகுதி மின்சாரத்தையும் நிறுத்திவிட்டு, ரம்பத்தின் ஆழத்தைப் பலகையின் தடிமனுக்குச் சரியாக வைத்து அறுங்கள். இந்த வீடுகளில் தரைப்பலகையை முழுக்கப் போட்டுவிட்டு அதன் மேல்தான் சுவரை நிறுத்துகிறார்கள். ஆகவே சுவர் வரை அறுக்கலாம், சுவருக்கு அடியில் போகும் பலகையை உருவ முடியாது. சுவரை ஒட்டி அடியில் ஒரு கட்டை வைத்து, பழைய ஓரத்தையும் புதுத் துண்டையும் அதில் பிடிக்க வையுங்கள். கருத்த சட்டம் கெட்டியாக இருந்தால் விட்டுவிடலாம், ஸ்க்ரூடிரைவர் இறங்கினால் பக்கத்தில் புதுச்சட்டம். புதுத் துண்டு பிளைவுட்டாகவே இருக்கட்டும். பழைய பலகையின் தடிமனை அளந்து வாங்குங்கள், 5/8 இருக்கும் இடத்தில் 3/4 போட்டால் படி மாதிரி காலைத் தட்டும். நான்கு ஓரமும் மரத்தின் மேல் உட்கார வேண்டும், அந்தரத்தில் ஓரம் நின்றால் அடுத்த கிறீச் அங்கேதான்.

வீட்டுக்கு அடியில் வெறும் மண் தெரிந்தால் 6 மில் (மில் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன் பிளாஸ்டிக் தாளை விரித்து, ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிப் போடுங்கள். மண்ணின் ஈரம் பலகைக்கு ஏறாது. ஸ்கர்ட்டிங்கின் காற்றுத் துளைகளைக் குளிருக்கு அடைத்துவிட்டுக் கோடையில் திறக்க மறப்பவர்கள் நிறைய, நானும் அதில் ஒருவன்.

ஒவ்வொரு முட்டிலும் அதன் அளவையும் தேதியையும் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன். ஆகஸ்டில் ஒருமுறை, மழை ஓய்ந்ததும் ஒருமுறை தவழ்ந்து போய் ஆப்புகளைத் தட்டிப் பார்ப்பேன். போன ஆகஸ்டில் இரண்டு மட்டும் தளர்ந்திருந்தன, சுத்தியலால் நாலு தட்டு. அடுத்த முறை அம்மா வந்தபோது நாலரை மணிக்கு அடுக்களைக்குப் போய்வந்தது யாருக்கும் தெரியவில்லை. "தரைய மாத்திட்டியா?" என்று கேட்டார். "இல்லம்மா, ஆப்பு வச்சேன்" என்றேன். யாருக்கு என்று கேட்டுச் சிரித்தார்.